தூண்டில்காரர்கள் கொடுமைக்காரர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் படகை வாடகைக்கு எடுத்துக் கடலில் தூண்டில் போடப் போகிறவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி. கடலையே பார்க்காத மதுரைக்காரர்கள் காசுக் கொழுப்பில் மீனைப் பிடித்து, சித்திரவதை செய்து, திரும்பக் கடலில் எறிகிறார்களாம். என் கடையில் வேலை பார்க்கிற பையன் "அண்ணே, உங்களைத்தான் போட்டிருக்காங்க" என்று பேப்பரை நீட்டினான். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை.

நான் ஆரப்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறி, ராடு பையை மடியில் சாத்திக்கொண்டு, இருட்டு விலகுவதற்குள் பாம்பனில் இறங்குகிறவன். என்னோடு வருகிறவர்களில் ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறார், இன்னொருவர் அச்சகத்தில் இருக்கிறார். ரீலைக்கூடப் பழையதாக வாங்கி, கிரீஸ் வைத்துச் சரிசெய்து ஓட்டுகிறோம். இதில் காசுக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு தடவை எங்களோடு வந்து பார்த்திருக்கலாம்.

கடலையே பார்க்காதவர்கள் என்பது அதைவிட வலிக்கிறது. வைகை மதுரையோடு முடிந்துவிடுகிறதா? ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிச்சம் இருந்தால் ஆற்றங்கரை கிராமத்துக்கிட்டே கடலில் சேர்கிறது. பக்கத்திலேயே அழகன்குளம். அங்கே தோண்டியபோது ரோமானியக் காசும் பானை ஓடும் கிடைத்தது நீங்கள் அறியாததல்ல. மீன் கொடி பறந்த ஊருக்குக் கடல் சம்பந்தமில்லை என்று மதுரையில் அச்சாகிற பத்திரிகையே எழுதலாமா?

சித்திரவதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் இதே இணைப்பில் ஒரு படம் போட்டீர்கள். ஆள் உயரத்துக்கு ஒரு களவா மீன், செவுளில் கயிறு கட்டித் தொங்குகிறது, பக்கத்தில் நாலு பேர் சிரிக்கிறார்கள். மேலே "சாதனை" என்று தலைப்பு. அன்றைக்கே கடிதம் எழுதினேன், வரவில்லை. களவா குஞ்சாக இருக்கும்போது பெண். வளர்ந்து பெரிதான பிறகுதான் அதில் சில ஆணாக மாறும். ஒரு பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், கிடக்கிற பெரிய களவாக்களை எல்லாம் தூக்கிவிட்டால் அந்தப் பாரில் ஆணே மிஞ்சாது. கொடுவா இதற்கு நேர்மாறு. சின்னதில் ஆண், பெருத்த பிறகு பெண். அந்தப் பெரிய கொடுவா ஒன்றின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். அதனால்தான் பெரியதை விட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு நடுத்தரமாக ஒன்றிரண்டு மட்டும் எடுத்து வருகிறோம். செத்த மீனைத் தொங்கவிட்டால் சாதனை, உயிரோடு தண்ணீரில் விட்டால் சித்திரவதையா? இந்த இரண்டும் உங்கள் பத்திரிகையில்தான் வந்தன.

விடுவதிலும் முறை இருக்கிறது. நாங்கள் போடுவது வட்டமாக உள்ளே வளைந்த சர்க்கிள் முள். மீன் விழுங்கினாலும் பெரும்பாலும் குடலில் குத்தாமல் வாயோரத்தில் வந்துதான் மாட்டும். முள்ளின் உள்பக்கம் எதிர்த்து நிற்கிற செதிலை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் போடுவோம், அப்போதுதான் ஒரு திருப்பில் கழலும். காய்ந்த கையால் மீனைத் தொடுவதில்லை, மேலே இருக்கிற வழவழப்பு போனால் அதற்குப் புண் வரும். ஏப்ரல், மே மாதங்களில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். சூடான தண்ணீரில் கரைந்திருக்கிற ஆக்சிஜன் குறைவு. அந்த நேரத்தில் மெல்லிய நைலான் நரம்பில் ஒரு பாறை மீனை மாட்டி அரைமணி நேரம் இழுத்து விளையாடினால், விட்டாலும் பிழைக்காது. அதனால் தடித்த நூல் போட்டுச் சீக்கிரம் கரைசேர்க்கிறோம், முடிந்தவரை தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுகிறோம். 2016-ல் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் வெளுத்துப்போனதும் இந்தச் சூட்டில்தான். கடல் படுகிற பாடு எங்கள் கைக்குத் தெரிகிறது ஐயா.

விட்டால் எல்லாம் புண்ணியம் என்றும் நான் சொல்லவில்லை. ரொம்ப ஆழத்திலிருந்து இழுத்த மீனுக்குக் காற்றுப்பை ஊதி, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே தள்ளிவிடும். அதை மேலேயே விட்டால் மிதந்து சாகும். அப்படிப்பட்டதை எடுத்துக் குழம்பு வைப்பதுதான் நியாயம், அதோடு அந்த ஆழத்தில் போடுவதை நிறுத்திவிட வேண்டும். இதையெல்லாம் எழுதியிருந்தால் கட்டுரை நாலு பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

அப்புறம், மீனவர் பிழைப்பில் கைவைக்கிறோம் என்று வேறு ஒரு குத்து. எங்களைக் கூட்டிப்போகிற பாம்பன் அண்ணன் நாட்டுப்படகுக்காரர். மீன் படாத நாளிலும் எங்களால் அவருக்கு டீசல் காசும் ஒரு நாள் கூலியும் நிற்கிறது. எந்தப் பாரில் விளைமீன், எந்த நீரோட்டத்தில் சீலா என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தீவுப் பக்கம் படகை விடவே மாட்டார். மன்னார் வளைகுடாவின் அந்த 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதை எங்களுக்கு முதலில் சொன்னவரே அவர்தான்.

எழுத வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. மதுரையில் விளம்பரம் போட்டு முன்பணம் வாங்கிய ஒருவர், லைஃப் ஜாக்கெட்டே இல்லாத வத்தையில், அதாவது சின்னப் படகில், எங்களை ஏற்றப் பார்த்தார். ஏற மாட்டோம் என்றோம், காசு திரும்பி வரவில்லை. அதையும் உங்களுக்கு எழுதினேன், அதுவும் வரவில்லை. சமையல் பக்கத்தில் சீலா படத்தைப் போட்டு வஞ்சிர வறுவல் என்று எழுதியதைச் சுட்டிக்காட்டினேன், அதற்கும் பதில் இல்லை. வஞ்சிரத்துக்கு வாலை ஒட்டி மேலும் கீழும் குட்டிக் குட்டித் துடுப்பு வரிசையாக இருக்கும். சீலாவுக்கு அது கிடையாது, கீழ்த்தாடை துருத்திக்கொண்டு நிற்கும். கரிமேட்டில் மீன் வாங்குகிற யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்களே.

வருஷா வருஷம் ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம் தொடங்கியது, மீன் விலை ஏறும் என்று ஒரு செய்தி. ஜூன் 14 வந்தால் முடிந்தது என்று இன்னொன்று. நடுவில் இருக்கிற அந்த 61 நாளில் கடலுக்குள் என்ன நடக்கிறது, விசைப்படகு நின்றாலும் நாட்டுப்படகு போகலாமே, அவர்கள் எப்படிப் போகிறார்கள் என்று ஒரு வரி வராது. புயலும் கைதும் விலையும் இல்லாத நாளில் உங்கள் பத்திரிகைக்குக் கடல் இல்லை.

சரி, கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும், அப்போது பாக் நீரிணை இருக்கிற வடகடல் பக்கம் அடங்கிக் கிடக்கும். வாடைக்காற்று வந்தால் தலைகீழ். இது பாம்பனில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத் தெரிவதில்லை. காற்று பார்க்காமல் ஆடி மாதம் தனுஷ்கோடி மணலில் ராடை ஊன்றி, இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற பையன்களைப் பார்த்து நான் கத்தியிருக்கிறேன். காற்று, அலை உயரம், கள்ளக்கடல் (திடீரென்று எழும்பிவரும் பேரலை) எச்சரிக்கை எல்லாவற்றையும் ஹைதராபாத்தில் இருக்கிற கடல்சார் தகவல் சேவை மையம் தினமும் வெளியிடுகிறது, இலவசம்தான். ராகு காலம், சூரிய உதயம் போடுகிற கட்டத்துக்குக் கீழே, ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நாலு வரியில் அதைப் போட்டால் போதும். வெள்ளி, சனி இரண்டு நாள் மட்டும் என்றாலும் சந்தோஷம்.

மற்றபடி அந்த வரிக்கு ஒரு திருத்தம் போட்டால் என் கடைப் பையனிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
பல வருட வாசகர்,
ஆரப்பாளையம், மதுரை – 16