பூட்டிக் கிடக்கும் வளவுகள்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் தமிழில் கதைக்கத் தொடங்கிவிட்டான் என்று வாசித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே நாங்கள் சுகம். மாரி முடிகிற நேரம், கிணறுகள் நிரம்பி நிற்கின்றன.

இம்முறை நுளம்புப் புதினம்தான், சிரிக்காதே. 2017இன் தொடக்கத்தில் டெங்கால் கிண்ணியா பட்ட பாட்டை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய். அந்த வருடம் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் காய்ச்சல். 400 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதன் பிறகு மழை தொடங்கினாலே இங்கே எல்லோருக்கும் ஒரு பயம்.

இப்போது எங்கள் ஒழுங்கையில் மாதர் சங்கப் பெண்களும் நாலைந்து இளைஞர்களும் ஞாயிறு காலையில் நுளம்பு பெருகும் இடங்களைத் தேடி வீடு வீடாகப் போகிறார்கள். முட்டை நுளம்பாக மாற ஏழு, பத்து நாள் போதும்; அதனால்தான் வாரம் தவறக்கூடாது. தொட்டித் தண்ணீரை ஊற்றினால் மட்டும் காணாது, முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தும்பால் தேய்க்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். "எங்கட வீட்டில ஒண்டும் இல்லை" என்று நின்ற ஒரு அக்காவின் பிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த தட்டை இழுத்தார்கள். உள்ளே குடம்பிகள், அதுதான் நுளம்புப் புழுக்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு துள்ளின! அக்கா அன்றிலிருந்து குழுவில் முன்னணி.

பொலிஸோடு அதிகாரிகள் வந்தால் தண்டப்பணத்துக்குப் பயந்து சிரட்டையையும் யோகட் கப்பையும் பின்வேலிக்கு அப்பால் எறிகிற சனம், பக்கத்து வீட்டுக்காரி வந்தால் படலையைத் திறந்துவிடுகிறது. கிணற்றடி பார்க்க வந்தவள் கொடியில் காயும் உடுப்பையும் எண்ணிக்கொண்டு போகிறாள் என்ற முணுமுணுப்பும் இருக்கிறது. அது நம்மூர் வழக்கம்தானே. யாருக்குக் காய்ச்சல் என்பது இந்தக் குழுவுக்குத்தான் முதலில் தெரியவரும். பனடோலைத் தவிர வேறு நோமாத்திரை வேண்டாம், மூன்றாம் நாள் இரத்தம் சோதியுங்கள் என்று விரட்டிவிடுகிறார்கள்.

மதகு அடைப்பைப் பற்றி நான் தனியாக எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில், ஒழுங்கை முழுக்கக் கையெழுத்து வைத்துக் கொடுத்தபோது ஆட்கள் வந்து மண் அள்ளினார்கள்.

மலேரியாவை நினைத்துப் பார். 1963இல் நாட்டில் 17 பேருக்குத்தான் இருந்தது. கவனம் தளர்ந்தது, 1969இல் 5 இலட்சத்தைத் தாண்டியது. கடைசியில் 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. அந்த நுளம்பு பெருகுவது பெரும்பாலும் ஆற்றுப் பள்ளங்களில். மருந்தடிக்கிறவர்கள் தேடிப் போகலாம். டெங்கு நுளம்போ நம் வளவுக்குள்ளேயே பிறக்கிறது. புகையடித்தால் பறக்கிறது சாகும், பூச்சாடித் தட்டில் கிடக்கிற குடம்பி சாகாது.

இங்கேதான் உன்னிடம் வருகிறேன். எங்களுக்குப் பெரிய தலையிடி, வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகள். உன் வளவில் மூடியில்லாத நீர்த்தாங்கி ஒன்று மதிலுக்கு மேலால் தெரிகிறது. திறப்பு உன் மச்சானிடம் இருக்கிறது. நீ சொல்லாமல் தரமாட்டாராம், அதுவும் நியாயம்தான். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. அப்படியே, உன் கிணற்றுக்குள் குடம்பியைத் தின்னும் மீன் விடலாமா என்பதையும் எழுது.

அன்புடன்,
குமார்