பைண்டர் தாத்தாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

இளம் ஓவியர்களின் கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்துவிட்டது. இப்படி ஒரு வரி எழுதக் கிடைக்கும் என்று அன்று ராத்திரி மண்டபத்தில் நின்ற யாரும் நினைத்திருக்க மாட்டோம். மண்டபத்துக்குள் தண்ணீர் புகுந்து, போட்டிக்கு வந்திருந்த பிள்ளைகளின் படங்களில் பல நனைந்துபோனது உங்களுக்கே தெரியும். உங்களில் பலர் எங்களோடு கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றவர்கள். அதனால் அதை விரிவாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை. உடம்பு அசதி இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஆற அமர எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட மனசு வரவில்லை.

முதலில் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும், கொஞ்சம் விரிவாகவே. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் அவரை ‘பைண்டர் தாத்தா’ என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் எங்கள் குழுவைச் சேர்ந்தவர் இல்லை. அவர் வீட்டுப் பிள்ளை யாரும் போட்டியில் கலந்துகொள்ளவும் இல்லை. விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. விடிவதற்கு முன்பே வாசலில் வந்து நின்றார். காலமெல்லாம் புத்தகம் தைத்து அட்டை கட்டியவர். கட்டுக் கட்டாக ஈரத்தை உறிஞ்சும் ஒற்றுத்தாள், ஒரு சுருள் மெல்லிய பாலியஸ்டர் துணி, தாளை நீவிவிடும் எலும்புத் தகடு ஒன்று, இவ்வளவையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

அந்த நேரத்தில் எல்லோர் கையும் பரபரத்துக்கொண்டிருந்தது. ஒருவர் ஹேர் டிரையரை எடுத்துவிட்டார். இன்னொருவர், விடிந்ததும் மொட்டை மாடியில் வெயில் காட்டலாம் என்றார். தாத்தா யாரையும் அதட்டவில்லை. “சூடு பட்டா தாள் முறுக்கிக்கும், வண்ணம் வெடிச்சிடும். வெயிலும் வேணாம். காத்து போதும்” என்றார். மின்விசிறிகளைப் படங்களின் மேல் நேராகப் படாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். அறைக்குள் காற்று சுற்றினால் போதுமாம். ஈரத் தாளில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் எதை முதலில் எடுப்பது, எதைக் கொஞ்சம் தாமதமாகப் பார்ப்பது என்று அவரே வரிசை பிரித்தார். அந்த நேரத்துக்குள் கை வைக்க முடியாது என்று தெரிந்தவற்றை உறைபெட்டியில் உறைய வைத்துவிட்டால் பிறகு நிதானமாகக் காய வைத்துக்கொள்ளலாம் என்பதும் அன்றுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது.

பிரித்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, “எதால வரைஞ்சது?” என்று கேட்டார். அக்ரிலிக் என்றால் முகம் கொஞ்சம் தெளிந்தது. அது காய்ந்தபின் பிளாஸ்டிக் படலம் போல ஆகிவிடுவதால் தண்ணீரில் கரையாது. ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆயில் பேஸ்டலில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அதன்மேல் மட்டும் பாரம் வைக்கக் கூடாது, நசுங்கி ஈஷிக்கொள்ளும் என்று தனியாக எடுத்து வைத்தார். போஸ்டர் கலரும் வாட்டர் கலரும்தான் கவலை. அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் கோந்து மறுபடி தண்ணீர் பட்டால் இளகிவிடும். அவற்றின் முகத்தை எதுவும் தொடக் கூடாது, மல்லாக்க வைத்து அடியிலிருந்து மட்டும் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும் என்றார். ஸ்கெட்ச் பேனா படங்கள் வந்தபோது ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

இதெல்லாம் தொழில் தெரிந்தவரின் அறிவு. அதற்கே நாங்கள் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு ஒன்று.

முதல் படத்தின் முன்னால் குனிந்தவர் கையை நீட்டவில்லை. நிமிர்ந்து, “இது யாரோட படம்?” என்றார். ஒரு பையன் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கினான். அவனை முன்னால் வரச் சொல்லி, தானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு, “தம்பி, உன் படத்தை நான் தொடலாமா?” என்று கேட்டார். பையனுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தான். “அம்மாவைக் கேக்கல கண்ணு, உன்னைத்தான் கேக்கறேன்” என்றார். அவன் “தொடுங்க” என்றான். அப்புறம்தான் அவர் கை தாளின் பக்கம் போனது.

ஒவ்வொரு படத்துக்கும் இதையே செய்தார். அவசரம் எவ்வளவு என்று எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியை விடவில்லை. பதில் கிடைத்ததும் தூக்குவதையும் அந்தந்தப் பிள்ளையையே செய்யவைத்தார். நனைந்த தாளுக்குத் தன் எடையைத் தாங்கும் பலம்கூட இருக்காது, மூலையைப் பிடித்துத் தூக்கினால் கையோடு கிழிந்து வந்துவிடும். அதனால் வழவழப்பான ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்து, ஷீட்டோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். “மூச்சை இழுத்துப் பிடிச்சுக்காத, சாதாரணமா விடு. கை தானா நிக்கும்” என்பார். பத்து வயதுகூட ஆகாத பிள்ளைகள் அத்தனை நிதானத்தோடு வேலை செய்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. கீழே ஒற்றுத்தாள், அதன்மேல் பாலியஸ்டர் துணி, அதன்மேல் படம். ஈரம் ஏறிய ஒற்றுத்தாளை எடுத்துவிட்டு வேறு மாற்ற வேண்டும். அதையும் பெரிய பிள்ளைகளே முறை போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சின்னப் பெண்ணின் முறை வந்தது. ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த படம். கோடு என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஊதாவும் பச்சையும் கலங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து வழிந்திருந்தது. பின்பக்கம் பென்சிலில் எழுதிய பெயர் மட்டும் அப்படியே இருந்தது. தாத்தா வழக்கம்போலக் கேட்டார். அவள் “வேண்டாம்” என்றாள்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தோம். தாத்தா நல்லதுக்குத்தானே கேட்கிறார், சரி செய்து தருவார், அழக் கூடாது, இப்படி. அவர் கையைக் காட்டி எங்களை நிறுத்தினார். “பாப்பா வேணாம்னு சொல்லிருச்சு இல்ல? அவ்வளவுதான்” என்றார். அவளிடம் “சரிம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். திரும்பிப் பார்க்கவும் இல்லை. வற்புறுத்தவும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து அவள் தானாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய், மேஜைமேல் கிடந்த ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துத் தன் படத்துக்கு அடியில் அவளே நுழைக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது. “தாத்தா, இந்தப் பக்கம் மட்டும் பிடிங்க” என்றாள். அவர் அந்தப் பக்கம் மட்டும்தான் பிடித்தார்.

பிள்ளைகளின் ஓவியத்தை நாம் பாராட்டுகிறோம், பரிசு தருகிறோம், சுவரில் மாட்டுகிறோம். ஆனால் அது அவர்களுக்குச் சொந்தமான வேலை, அதில் முடிவெடுக்க வேண்டியவர்கள் அவர்கள் என்று எத்தனை பேர் உண்மையாகவே நினைக்கிறோம்? பெரிய ஓவியர் ஒருவரின் படம் என்றால் அனுமதியில்லாமல் விரல் வைப்போமா? அந்த மரியாதையை அவர் எட்டு வயதுப் பெண்ணுக்குக் கொடுத்தார். அதுவும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியமாக இருந்த நேரத்தில். இந்தப் போட்டியைத் தொடங்கியபோது நாங்கள் என்ன கனவு கண்டோமோ அதை அவர் எங்கள் கண் முன்னால் செய்து காட்டினார்.

பிற்பாடு ஒருவர் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து வெள்ளத்தை நினைவுபடுத்தினார். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு கரை புரண்டு நகருக்குள் வந்தபோது, நூலகத்துப் புத்தகங்களையும் ஓவியங்களையும் சேற்றிலிருந்து தூக்கியவர்களில் பலர், உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்த இளைஞர்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. புத்தகங்களைக் காப்பாற்ற பிரிட்டனிலிருந்து போனவர்களில் பீட்டர் வாட்டர்ஸ் என்பவர் ஒரு பைண்டர். நனைந்த தாளை எப்படிக் காப்பது என்பதில் உலகம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பங்கு அந்தச் சேற்றில் கற்றுக்கொண்டது. இதை நான் தாத்தாவிடம் சொன்னேன். “அப்படியா, பைண்டரா?” என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். அன்று அவர் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

காய்ந்த படங்களை அட்டையில் ஏற்றும்போதும் அவர்தான் கூட இருந்தார். செலோடேப்பைக் கிட்டவே சேர்க்கவில்லை. கோதுமை ஸ்டார்ச்சில் பசை காய்ச்சி, மெல்லிய ஜப்பானியத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, படத்தின் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டித் தொங்கவிட்டார். “நாளைக்கு இன்னொருத்தர் பிரிக்கணும்னா, கொஞ்சம் ஈரம் காட்டினா பிரியணும். பிரிக்க முடியாத மாதிரி எதையும் ஒட்டக் கூடாது” என்றார்.

நடுவர்களுக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். நனைந்ததால் ஒரு படத்தின் மதிப்பெண் குறைந்துவிடக் கூடாது என்று, பதிவின்போது எடுத்து வைத்திருந்த புகைப்படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதோடு நிற்காமல், பழைய படத்தின் புகைப்படத்தை அருகில் மாட்டலாமா, வேண்டாமா என்று ஒவ்வொரு ஓவியரிடமும் கேட்டுவிட்டுத்தான் சுவரை முடிவு செய்தார்கள். யாரிடமிருந்து அதைக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சின்னப் பெண் புகைப்படம் வேண்டாம் என்றாள். கலங்கிய வண்ணத்தோடு இருக்கும் படம்தான் அவள் படம் என்று சொல்லிவிட்டாள். அப்படியே மாட்டினோம்.

இனி மற்றவர்கள். எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, ஒவ்வொரு இணைப்பாகச் சோதித்த பிறகே எங்களை உள்ளே விட்ட எலக்ட்ரீஷியன் தம்பி (தாளில் வரைந்த படங்களுக்கு வெளிச்சம் 50 லக்ஸ் என்ற அளவுக்கு மேல் போகக் கூடாது என்று சொன்னதும் விளக்குகளை எல்லாம் மாற்றிக் கொடுத்தவரும் அவரே), ஒரே பேச்சில் மாற்று இடம் கொடுத்தவர்கள், வண்டி கொடுத்தவர்கள், விடிய விடியத் தண்ணீரை இறைத்த இளைஞர்கள், தரையைத் துடைத்துத் துடைத்துக் கை சிவந்த அம்மாக்கள், படங்களைச் சிறுவர்கள் கண் உயரத்துக்கு இறக்கி மாட்டலாமே என்று சொல்லி, சுத்தியலோடு தாங்களே இறங்கிய ஆசிரியர்கள், தங்கள் படம் நனையாமல் தப்பியும் வீட்டுக்குப் போகாமல் மற்றவர் படத்துக்கு ஒற்றுத்தாள் மாற்றிக்கொண்டிருந்த பிள்ளைகள். உங்கள் எல்லோருக்கும் குழுவின் மனமார்ந்த நன்றி. கடைசியாகச் சொன்ன பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

அடுத்த ஆண்டுக்கு நாங்கள் சில உறுதிகள் எடுத்திருக்கிறோம். படத்தின் பின்னால் பெயரைப் பென்சிலில் மட்டுமே எழுத வேண்டும், அது தண்ணீரில் கரையாது. உள்ளே வரும் ஒவ்வொரு படமும் வந்த அன்றே புகைப்படம் எடுக்கப்படும். மாட்டும் நாள்வரை எந்தப் படமும் தரையில் இருக்காது. ஒற்றுத்தாளும் பாலியஸ்டர் துணியும் பிளாஸ்டிக் ஷீட்டும் ஒரு பெட்டியில் எப்போதும் தயாராக இருக்கும். பதிவுப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு மேலே ஓவியருக்கு என்று ஒரு இடம் வரும். படத்தை எந்தப் பக்கம் மேலாக மாட்ட வேண்டும், சட்டம் போடலாமா, வேறு எங்காவது காட்ட எடுத்துப்போகலாமா என்பதற்கெல்லாம் பதிலை அவர்களே எழுதுவார்கள். எழுதத் தெரியாத சின்னவர்களிடம் கேட்டு நாங்கள் எழுதிக்கொள்வோம். ‘வேண்டாம்’ என்று சொன்னால் அது வேண்டாம்தான்.

தாத்தாவை ஒரு பயிற்சி வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். மேடை, மாலை, பொன்னாடை எதுவும் இருக்கக் கூடாது, தரையில் உட்கார்ந்து செய்வதாக இருந்தால் வருகிறேன் என்றிருக்கிறார். சம்மதித்துவிட்டோம்.

ஒரு சின்னத் தகவல். தடித்த தாளில் வரைந்த சில படங்கள் இன்னும் பலகைக்கு அடியில் அழுத்தத்தில் இருக்கின்றன. மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், அவசரப்பட்டு எடுத்தால் மறுபடி நெளிந்துவிடும் என்று தாத்தா சொல்கிறார். அவர் சரி என்றதும் அந்தந்த ஓவியரைத் தனித்தனியாகக் கூப்பிடுகிறோம். வாங்கிக்கொண்டு போனவர்கள், கண்ணாடி போட்டுச் சட்டம் மாட்டுவதாக இருந்தால் கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி நடுவில் அட்டை இடைவெளி விடச் சொல்லுங்கள், வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள். அதற்கு முன்னால், எங்கே மாட்டலாம் என்று வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நன்றியுடன்,
கண்காட்சிக் குழுவின் சார்பில்