மேற்கே பறந்தவருக்கு மாலை வெயில்தான் மருந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெட் லேக் (நேரம் மாறும் ஊருக்குப் பறந்ததும் தூக்கம் தடுமாறுவது) என்றாலே ‘காலை வெயிலில் நில்லுங்கள், ராத்திரி மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரை போடுங்கள்’ என்கிறார்கள். கிழக்கே போகிறவருக்கு அது சரி. நியூயார்க்கிலிருந்து மேற்கே சான்பிரான்சிஸ்கோ போகிறவருக்கு அதுவே எதிர்வேலை செய்யும்.

இந்தியா முழுக்க ஒரே நேரம். கவுகாத்தியில் ஏறி மும்பையில் இறங்கினாலும் கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை. அமெரிக்காவில் உள்நாட்டு விமானத்திலேயே 3 மணி நேரம் பின்னால் போய்விடுகிறது.

நியூயார்க்கில் 10 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழுகிறவருக்கு சான்பிரான்சிஸ்கோவில் மாலை 7 மணிக்கே கண் சொருகும், அதிகாலை 3 மணிக்கு முழிப்பு தட்டும். அந்த 3 மணிதான் வினை. வழக்கமாக எழுவதற்கு 2, 3 மணி நேரம் முன்பு உடல் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும்; இவருக்கு அது சான்பிரான்சிஸ்கோவில் நள்ளிரவு 12, 1 மணி. அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னால் தள்ளும், அதாவது தூக்கமும் முழிப்பும் சீக்கிரமாக வரும். நமக்கு வேண்டியதோ பின்னால் தள்ளுவது; அதைச் செய்வது அதற்கு முன்பு, மாலையில் படும் வெளிச்சம். 3 மணிக்கு விளக்கைப் போட்டு வாட்ஸ்அப்பைத் திறந்தால் உடல் நியூயார்க்கிலேயே நின்றுவிடும். ராத்திரி போடும் மெலடோனினும் அந்தப் பக்கம்தான் இழுக்கும்.

ஆகவே இறங்கிய அன்று பொழுது சாயும்வரை வெளியே நடங்கள், கூலிங் கிளாஸ் வேண்டாம். இருட்டிய பிறகும் படுக்கப் போகும்வரை நல்ல வெளிச்சத்தில் இருங்கள். 9.30க்கு முன் படுக்காதீர்கள். பகல் தூக்கம் 20 நிமிடம், அதுவும் 2 மணிக்குள். மாலை காபி கூடாது. குடித்து 5 மணி நேரம் கழித்தும் பாதி காஃபீன் உடம்பில் இருக்கும். இடையில் முழிப்பு வந்தால் இருட்டிலேயே கிடங்கள், 6 மணிவரை ஜன்னல் திரையை விலக்க வேண்டாம். பெரும்பாலோருக்கு 2, 3 நாளில் சரியாகிவிடும். திரும்பி வரும்போதுதான் சிரமம் கூடுதல்: உடல் கடிகாரத்தின் இயல்பான சுற்று 24 மணிக்குச் சற்று அதிகம், ஒரு நாளை நீட்டுவது அதற்குச் சுலபம், சுருக்குவது கஷ்டம்.

இரண்டே நாள் வேலையென்றால் மாறவே வேண்டாம். மீட்டிங்கைக் காலையில் வைத்து, மாலை 5 மணிக்குச் சாப்பிட்டு, 8க்குப் படுத்துவிடலாம்.

இன்சுலின் போடுகிறவர்கள் கவனிக்க: உள்ளூர் நேரப்படி போட்டால், தினம் ஒரு ஊசி போடுகிறவருக்கு அன்று மட்டும் இரண்டு ஊசிக்கு நடுவே 27 மணி நேரம் ஆகிவிடும். எந்த நேரத்தில் போடுவது என்று கிளம்புமுன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நியூஜெர்சி