சக்கை என்று எழுதினால் தப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், "வெளிநாடு போனவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்காமல் விட்டுவிட்டு, ஊருக்கு வந்து தமிழ்ப்பெருமை பேசுகிறார்கள்" என்று ஒரு வரி வந்திருந்தது. நான் 1989-ல் கருங்கலில் இருந்து டொரண்டோவுக்குப் போனவன். இப்போது தோப்பைப் பார்க்க வருஷத்தில் நாலு மாதம் ஊரில் இருக்கிறேன். அந்த வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மகளுக்கு ஏழு வயதில், சனிக்கிழமைதோறும் பனியில் இரண்டு பஸ் மாறித் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். ஒரு நாள் பலாப்பழம் வரைந்து, கீழே 'சக்கை' என்று எழுதியிருந்தாள். என் அம்மை போனில் சொல்லிக்கொடுத்த சொல். டீச்சர் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'பலா' என்று எழுதிவிட்டு, சக்கை என்றால் பிழிந்து எறிவது என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறார். பிள்ளை அந்தத் தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தாள். பஸ்ஸில், "அப்பா, பாட்டி பேசுகது தப்பா?" என்று கேட்டாள். அப்புறம் போனை எடுக்கவே கூச்சப்பட்டாள்.

மகன் பேசத் தாமதமானபோது வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னார்கள். பயத்தில் அப்படியே செய்தோம். அது என் தவறுதான், இன்றும் உறுத்துகிறது. ஆனால் அவன் ஊருக்கு வந்து, தட்டுத்தடுமாறி "மாமா, வெள்ளம் வேணும்" என்று எங்கள் ஊர்ச் சொல்லில் தண்ணீர் கேட்டபோது, கல்யாண வீட்டில் சுற்றி நின்று சிரித்தவர்கள் சொந்தக்காரர்கள். அவர்கள் பிள்ளைகள் படிப்பதும் இங்கிலீஷ் மீடியத்தில்தான். அன்றைக்கு வாயை மூடியவன் பிறகு தமிழில் பேசவில்லை.

1954 ஆகஸ்ட் 11-ல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போலீஸ் குண்டடிபட்ட மக்களின் ஊர் இது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-ல் சேர்ந்தும்விட்டோம். இன்னும் சென்னையில் வாய் திறந்தால் "மலையாளியா?" என்கிறார்கள். டொரண்டோவிலும் தமிழர்களே அதைத்தான் கேட்டார்கள். அங்கே கனடாக்காரனாக வேண்டும், தமிழர் நடுவில் வேறு தமிழ் பேச வேண்டும், ஊரில் வெளிநாட்டுக்காரன். எங்கள் பிள்ளைகள் எந்தத் தமிழைத்தான் பேசியிருக்க வேண்டும், ஐயா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். பேரனுக்கு ஆறு வயது. உங்கள் சிறுவர் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். மகள் அவனை மடியில் வைத்து எழுத்துக்கூட்டி வாசிக்க வைப்பாள். சில மாதங்களாக எழுத்து பொடியாகிவிட்டது, போட்டோவில் தெரியவில்லை. பழையபடி பெரிய எழுத்தில் போடுங்கள். முடிந்தால் சக்கை, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு), நல்லமிளகு (மிளகு) என்று நம் ஊர்ச் சொற்களுக்கும் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்