மருமகனின் வழிக்காவல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் எப்போதோ வந்துவிட்டது. கண்புரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் பதில் தள்ளிப்போனது. இப்போது பரவாயில்லை, பேப்பர் படிக்க முடிகிறது. உன் பையனை, அதான் என் மருமகனை, போலீஸ் ஆயுதப்படையில் போட்டிருக்கிறார்கள், கைதிகளைக் கோர்ட்டுக்கும் சிறைக்கும் கூட்டிப்போகிற வழிக்காவலுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள், தங்கச்சி அதற்குள் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள் என்று எழுதியிருந்தாய். "விலங்கு மாட்டிய ஒருத்தனை மூணு நாலு பேர் காரில் கூட்டிப்போகிறார்கள், இதில் என்ன பயம்?" என்று கேட்டிருக்கிறாய். சர்வீஸ் முழுக்க அந்தப் படையிலேயே கிடந்தவனிடம் கேட்டுவிட்டாய். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

ஆளைப் பொறுத்துத்தான் ஆபத்து என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பேர் பெற்ற ரவுடி என்றால் முன்னும் பின்னும் வண்டி, கையில் எஸ்.எல்.ஆர். ரைஃபிள். சின்னத் திருட்டுக் கேஸ் என்றால் ரெண்டு பேர், கிடைத்த வண்டி, சில நாள் அரசுப் பேருந்து. எனக்கென்னவோ ஆளைவிடக் காரைக் கண்டால்தான் பயம். வெளியில் ஒருவன் கை ஓங்கினால் ரெண்டடி பின்னால் போகலாம். பின்சீட்டில் எங்கே போவாய்? அவன் தோள் உன் தோளில் இடித்துக்கொண்டிருக்கும். நீளத் துப்பாக்கியைத் திருப்பக்கூட இடம் இருக்காது.

இன்னொன்று பார். வழக்கமாக அவனை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் நம் ஆட்கள் உட்காருவார்கள். முக்கால்வாசிப் பேருக்கு வலது கைப் பழக்கம், பிஸ்டல் வலது இடுப்பில் இருக்கும். அவனுக்கு இடப்பக்கம் உட்காருகிறவரின் வலது இடுப்பு யார் பக்கம் இருக்கிறது என்று யோசி. எங்கள் பழைய ஏட்டு ஒருவர் இதில் கறார். இடப்பக்கம் உட்காருகிறவரிடம் பிஸ்டல் இருக்கக் கூடாது, டிரைவருக்கு நேர் பின்னால் கைதி உட்காரவே கூடாது என்பார். விலங்குச் சங்கிலியைப் பின்னாலிருந்து டிரைவர் கழுத்தில் போட்டு இழுத்தால் வண்டியில் இருக்கிற அத்தனை பேரும் காலி.

அமெரிக்காவில் நடந்த ஒரு கேஸைப் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். 1998 மே 19, புளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரம். நாலு வயதுப் பையன் ஒருவன் தலையில் குண்டு பாய்ந்து இறந்திருந்தான். அவன் அம்மாவோடு வாழ்ந்துவந்த ஹேங்க் எர்ல் கார் என்பவனைப் பிடித்தார்கள். அவன் தன் பெயரையே மாற்றிச் சொல்லியிருந்தான். அதனால் அவன் மேல் என்னென்ன பழைய கேஸ் இருக்கிறது என்பது இவர்களுக்குத் தெரியவில்லை. ரிக்கி சில்டர்ஸ், ராண்டி பெல் என்று இரண்டு துப்பறிவாளர்கள், இருவரும் அனுபவஸ்தர்கள். கைகளை முன்பக்கம் வைத்து விலங்கு மாட்டி, நடுவில் தடுப்புக் கம்பி இல்லாத சாதாரணக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். அவனிடம் ஒரு விலங்குச் சாவி மறைவாக இருந்திருக்கிறது. அந்த ஊர் விலங்குகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரிச் சாவிக்குத் திறக்கும். போகிற வழியில் திறந்துகொண்டான், சில்டர்ஸின் துப்பாக்கியை உருவி இருவரையும் சுட்டான். வேறொரு வண்டியைப் பறித்துக்கொண்டு ஓடும்போது ஜேம்ஸ் குரூக்ஸ் என்ற இளம் நெடுஞ்சாலைக் காவலரையும் கொன்றான். கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் பெண் ஒருவரைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்து, அவரை விட்டுவிட்டுத் தன்னையே சுட்டுக்கொண்டான். ஒரே நாளில் மூன்று போலீஸ்காரர்கள். அவன் கையில் விலங்கு இல்லாமலா இருந்தது, சொல்.

அதனால்தான் நம் ஆட்கள் 'சுப்ரீம் கோர்ட் விலங்கைத் தடுத்ததால்தான் எல்லாம் கெட்டது' என்று புலம்பும்போது எனக்கு ஒத்துவருவதில்லை. 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர், தப்புவான் என்பதற்குத் தகுந்த காரணம் இல்லாமல் விலங்கு மாட்டுவது மனிதத் தன்மையற்றது என்று எழுதினார். 1995இல் அசாம் வழக்கில் மாஜிஸ்திரேட் அனுமதி வேண்டும் என்று இன்னும் இறுக்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 43வது பிரிவில் கொலை, போதைப்பொருள், ஏற்கெனவே காவலிலிருந்து தப்பியவன் என்று சில வகைகளுக்கு விலங்கு போடலாம் என்று வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் விலங்கு மாட்டியாயிற்று என்றதும் கூட வருகிறவர் போனை எடுத்து வீடியோ பார்க்க ஆரம்பிக்கிறார் பார், அங்கேதான் எனக்கு வயிறு கலங்கும்.

சோதனை போடுவது இன்னொரு பெரிய விஷயம். லண்டனில் 2020 செப்டம்பரில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. நடுராத்திரி கடந்து தெருவில் ஒரு இளைஞனை நிறுத்திச் சோதித்தார்கள். கஞ்சாவும் சில தோட்டாக்களும் கிடைத்தன. கையைப் பின்னால் கட்டி, வேனில் ஏற்றி, கிராய்டன் காவல் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அக்குளுக்குக் கீழே உறையில் ஒரு பழங்காலக் கைத்துப்பாக்கி இருந்தது யார் கையிலும் படவில்லை. தோட்டா கிடைத்த பிறகும் துப்பாக்கியைத் தேடிப் பிடிக்கவில்லை என்பதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. அங்கே பொறுப்பில் இருந்த சார்ஜென்ட் மாட் ரதானா மெட்டல் டிடெக்டரால் மறுபடி சோதிக்க முயன்றபோது, கட்டிய கையாலேயே அவரைச் சுட்டுக் கொன்றான். ரதானாவுக்கு வயது 54, ஓய்வுக்குச் சில மாதங்களே பாக்கி.

மருமகனிடம் இதைச் சொல். முந்தைய ஸ்டேஷன்காரர் 'பார்த்தாச்சு சார், கையெழுத்துப் போடுங்க' என்பார். கேட்கவே கூடாது. கைமாறும் ஒவ்வொரு தடவையும் மறுபடி பார்க்கணும். வண்டி கிளம்புவதற்கு முன்னும், கைதி இறங்கிய பிறகும் பின்சீட்டைத் தூக்கிப் பார்க்கணும். நான் ஒருமுறை சீட்டு இடுக்கிலிருந்து பாதி பிளேடு எடுத்தேன். யார் வைத்தது, எப்போது வைத்தது, கடவுளுக்குத்தான் தெரியும்.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு கஷ்டம் உண்டு. கைதி தப்பினால் மறுநாள் பேப்பரில் 'வழிக்காவல் போலீசார் சஸ்பெண்ட்' என்று வரும். கவனக்குறைவால் தப்பவிட்டதற்குப் பழைய இ.பி.கோ. 223இல் இரண்டு வருஷம் வரை தண்டனையும் இருந்தது, புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. சாவைவிட சஸ்பெண்டுக்குத்தான் போலீஸ்காரன் பயப்படுவான். அந்தப் பயத்தில் ஓடுகிறவன் பின்னால் நான்குவழிச் சாலையில் குறுக்கே பாய்வான், இருட்டுக் கிணறு இருக்கிற காட்டுக்குள் தனியாக நுழைவான். ஆபீஸர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

வண்டி நிற்கிற இடமும் வில்லங்கம்தான். டீக்கடை, ஒதுங்குகிற இடம், கோர்ட் வாசல், ஆஸ்பத்திரி. 2023 ஏப்ரலில் உத்தரப்பிரதேசத்துப் பிரயாக்ராஜில், தாதாவாக இருந்து எம்.பி.யும் ஆன அதிக் அகமதையும் அவர் தம்பியையும் மருத்துவப் பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில் இறக்கி நடத்திக்கொண்டு போனபோது, நிருபர் வேஷத்தில் வந்த மூன்று பேர் சுட்டுத் தள்ளினார்கள். கூட இருந்த ஒரு காவலருக்கும் காயம். இப்படியொரு நேரத்தில் கைதிக்கு வருகிற குண்டு பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்தா பாயும்?

எங்கள் துறைக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'துப்பாக்கியைப் பறிக்க முயன்றான், அதனால் சுட்டோம்' என்று போலீஸ் சொன்னால் இன்று டீக்கடையில் சிரிக்கிறார்கள். ஐதராபாத்தில் 2019 டிசம்பரில் பெண் கால்நடை மருத்துவர் கொலைக் கேஸில் பிடிபட்ட நான்கு பேரைச் சம்பவ இடத்துக்குக் கூட்டிப்போய்ச் சுட்டுவிட்டு அப்படித்தான் சொன்னார்கள். சுப்ரீம் கோர்ட் அமைத்த சிர்புர்கர் ஆணையம் அந்தக் கதையை நம்பவில்லை, பத்துப் போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்தச் சொன்னது. இப்படி ஜோடித்த கதைகளால் நஷ்டம் யாருக்கு? நாளைக்கு நிஜமாகவே ஒருவன் மருமகன் இடுப்பில் கை வைத்தால், நம் பையன் சொல்வதை யார் நம்பப்போகிறார்கள்?

இத்தனையும் எழுதினாலும், நான் அதிகம் பயந்தது டிரைவரின் தூக்கத்துக்குத்தான். காலையிலிருந்து வேறு டூட்டி பார்த்தவரையே ராத்திரி வெளி மாவட்டத்துக்கு அனுப்புவார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று எல்லாருக்கும் அவசரம். பயண நேரம் அந்தக் கணக்கில் சேராது என்று சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் அதை நினைத்துப் பார்க்கிறவர் குறைவு. விடியற்காலையில் லைட் போடாமல் நிற்கிற லாரிக்கு ரவுடியும் ஒன்று, போலீசும் ஒன்று. இப்போது காவல் நீட்டிப்பையெல்லாம் சிறையிலிருந்தே வீடியோவில் முடிக்கிறார்கள், பாதிப் பயணம் குறைந்திருக்கிறது. வழிக்காவலில் நடந்த நல்ல சீர்திருத்தம் என்றால் அதுதான். ஆனால் காவலில் வைக்க உத்தரவு வாங்குகிற முதல் ரிமாண்டுக்கு இன்னும் நேரில்தான் போகணும்.

மருமகனுக்கு லீவு கிடைத்தால் இங்கே அனுப்பி வை. என் பழைய காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, எங்கே உட்காரணும், எங்கே கை வைக்கணும் என்று காட்டிக்கொடுக்கிறேன். நல்ல டார்ச் ஒன்று வாங்கிக்கொடு, போன் லைட்டை நம்பவேண்டாம். தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே. அண்ணன் நலமாக இருக்கிறான், கண் நன்றாகத் தெரிகிறது என்று மட்டும் சொல். மழை பெய்ததா, பருத்தி போட்டாயா, ஒன்றும் எழுதவில்லையே நீ. அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்