மூடியதைச் சொன்னீர்கள், திறந்ததை யார் சொல்வது?

மலைப்பாதையை மூடு என்றும் திற என்றும் சொல்லும் அதிகாரம் கையில் உள்ள அனைவருக்கும்,

வணக்கம்.

நீலகிரியில் கேத்தி பக்கம் மூன்று அறைகளை வைத்துக்கொண்டு காட்டேஜ் நடத்துகிறேன். அதற்கு முன் 18 வருஷம் வேன் ஓட்டினேன். மேட்டுப்பாளையத்தில் ஆளை ஏற்றி, குன்னூர், ஊட்டி என்று சுற்றிக் காட்டி, திரும்ப இறக்கிவிடுகிற பிழைப்பு. மழை வந்தால் இந்த மலையில் எது சரியும், எது அடைத்துக்கொள்ளும், எது சும்மா பயமுறுத்திவிட்டுப் போகும் என்பது ஓரளவு தெரியும். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பாதையை மூடாதீர்கள் என்று கேட்க நான் வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1993 நவம்பரில் குன்னூர்ப் பாதையில் மரப்பாலம் என்ற இடத்தில் மலை இறங்கியபோது எனக்கு 19 வயது, வேனில் கிளீனர். ரோட்டையும் பேருந்துகளையும் ஆட்களோடு சேர்த்துப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது அந்தச் சரிவு. முந்தின நாள் சாயங்காலம் அங்கேதான் ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு டீ குடித்தோம். மறுநாள் அந்த வளைவே இல்லை. அதற்கு மூன்று வருஷம் முன்னால் கெத்தையில் இதே கதை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்து, 40க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். ஆகவே மூடத் தயங்குகிற அதிகாரியைவிட அவசரப்பட்டு மூடுகிற அதிகாரியே எனக்கு மேல்.

என் வழக்கு, மூடின பிறகு நடப்பதைப் பற்றியது.

ஒரு ஐப்பசி மாதம். எந்த வருஷம் என்பது முக்கியமில்லை, ஏறக்குறைய வருஷா வருஷம் நடப்பதுதான். தீபாவளி லீவுக்குத் திருப்பூர்க் குடும்பம் ஒன்று மூன்று அறைகளையும் மூன்று நாளைக்கு எடுத்திருந்தது. கூட வரும் பாட்டியம்மாவுக்குப் படி ஏற முடியாது என்றார்கள், அதனால் கீழ் அறையில் கட்டிலை மாற்றிப் போட்டு, குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பியும் அடித்து வைத்தேன். இரண்டு கிலோ ஆட்டுக்கறிக்குச் சொல்லியாயிற்று. முந்தின இரவு பெய்த மழையில் குன்னூர்ப் பாதையில் பர்லியாருக்கு மேலே மண் சரிந்து, ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தது. காலை ஆறு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். சரிதான், நிறுத்தத்தான் வேண்டும்.

ஏழரை மணிக்கு டிவியில் கீழே ஓடின சிவப்புப் பட்டையில், ‘நீலகிரியில் நிலச்சரிவு, போக்குவரத்து துண்டிப்பு’ என்று வந்தது. மேலே காட்டின படமோ 2009இல் எடுத்தது. அதில் மல்லாந்து கிடக்கும் வேனை எனக்குத் தெரியும், எங்கள் ஸ்டாண்டு வண்டி. எட்டு மணிக்குத் திருப்பூரிலிருந்து போன். “அண்ணா, நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” அவர் கேட்டது நிஜமான கவலைதான். கொஞ்சம் இழுத்து, “இந்தத் தடவை வேண்டாங்கண்ணா, அம்மா பயப்படறாங்க” என்றார்.

அந்த நேரத்தில் எங்கள் வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கேரட் மூட்டை ஏற்றின லாரி வழக்கம்போல எங்கள் வளைவில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கோத்தகிரிப் பாதை திறந்தே இருந்தது. குன்னூர்ப் பாதையில் இரண்டு ஜேசிபி வந்து மண்ணை வாரி, மரத்தை அறுத்துத் தள்ளி, மாலை நான்கு மணிக்கெல்லாம் வண்டிகளை விட்டுவிட்டார்கள். உங்கள் ஆட்களின் அந்த வேலைக்கு ஒரு கும்பிடு. ஆனால் பாதை திறந்தது எனக்கே பர்லியாரில் பழக்கடை வைத்திருக்கும் சிநேகிதன் போன் போட்டுச் சொல்லித்தான் தெரியும். திருப்பூர்க்காரருக்கு யார் சொல்வது? மறுநாள் காலையிலும் டிவியில் அந்த வேன் மல்லாந்தே கிடந்தது. கறியில் பாதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம்.

‘நீலகிரி’ என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். மேட்டுப்பாளையத்திலிருந்தே குன்னூர் வழி ஒன்று, கோத்தகிரி வழி ஒன்று. காரமடையிலிருந்து கெத்தை, மஞ்சூர் என்று 43 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது இன்னொன்று. மைசூர்ப் பக்கமிருந்து வந்தால் கூடலூர் வழியும் கல்லட்டி வழியும் வேறு. மழையும் எல்லா இடத்திலும் ஒன்றாகப் பெய்வதில்லை. ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நனைவது அவலாஞ்சியும் கூடலூரும் பந்தலூரும். ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பினால் அடி வாங்குவது குன்னூரும் கோத்தகிரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிழக்குச் சரிவுக்கு அந்த அடி இல்லை. ஆனால் அந்த வாரம் அங்கேயும் அறைகள் காலி.

அவலாஞ்சி என்றதும் இன்னொன்று. அது பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். உறைபனி தவிர வேறு பனியைக் காணாத ஊருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே விழுந்த பெரிய மண்சரிவுதான் காரணம் என்பார்கள். ஒருமுறை சரிந்ததற்கு ஒட்டின பெயர் 200 வருஷமாகப் போகவில்லை. சிவப்புப் பட்டையில் எங்கள் மாவட்டத்தின் பெயரை எழுதும்போது இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான பனிச்சறுக்கு ஊருக்கும் இதே தலையெழுத்துதான். உத்தராகண்டில் அவுலி என்று ஒரு இடம். சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்க வருகிறவர்களை நம்பிப் பிழைக்கிற ஊர். 2023 ஜனவரியில் அதற்குக் கீழே இருக்கும் ஜோஷிமட் நகரம் பூமிக்குள் இறங்க ஆரம்பித்தது. 800க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரண்டு ஓட்டல்களை இடித்தார்கள். அங்கிருந்து அவுலிக்கு ஏறும் சுமார் 4 கிலோமீட்டர் ரோப்காரையும் நிறுத்திவிட்டார்கள். மேலே சறுக்கு மைதானத்தில் விரிசல் விடவில்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் போகிற வழி கீழே விரிசல் விட்ட ஊர் வழியாக. சீசன் உச்சத்தில் வருகிறவர்கள் பின்வாங்கினார்கள். அந்த வருஷம் பனியும் சரியாக விழவில்லை, பிப்ரவரியில் அங்கே நடக்க இருந்த தேசியப் பனி விளையாட்டுப் போட்டியும் போயிற்று. பட்ட காலிலே படும் என்பது மலை ஊர்களுக்காகவே சொன்னது போலிருக்கிறது.

ஜோஷிமட் பழைய சரிவின் குவியல்மேல் நிற்கிறது, பெரிய கட்டடம் கட்டாதீர்கள் என்று 1976இலேயே அரசு அமைத்த மிஸ்ரா குழு சொல்லிவிட்டது. சொன்னது கோப்பில் இருந்தது, கட்டடம் வளர்ந்தது. இந்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எங்கள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு வருஷம் 12 மாதம் கிடையாது. சித்திரை, வைகாசியில் ஒரு சீசன், செப்டம்பர், அக்டோபரில் செகண்ட் சீசன். மார்கழியில் தலைகுந்தா பக்கம் புல்மேல் உறைபனியைப் பார்க்க வருகிற கொஞ்சம் பேர். மிச்ச நாளெல்லாம் ஈ ஓட்டுவதுதான். வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் இறங்கும் பருவமழை 2025இல் மே 24ஆம் தேதியே இறங்கிவிட்டது. 25, 26ஆம் தேதிகளில் இங்கே சிவப்பு எச்சரிக்கை, சுற்றுலா இடங்களுக்குப் பூட்டு. கேரளாவிலிருந்து குடும்பத்தோடு வந்த பள்ளிச் சிறுவன் ஒருவன்மேல் மரம் விழுந்து உயிரே போய்விட்டது. அந்தப் பூட்டை எந்த வாயால் குறை சொல்வேன்? ஆனால் பள்ளி திறக்கும் முன் கடைசி வாரம் அது. படகு இல்லத்துப் பக்கம் குதிரை பிடிப்பவர், தொட்டபெட்டாவில் போட்டோ எடுப்பவர், அவித்த சோளத்தில் மிளகாய்த்தூள் தடவி விற்கும் அக்கா, வண்டிக்கு மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டிய டிரைவர்கள், எல்லோருக்கும் அந்த வாரத்துக் காசு ஆடி, ஆவணி வரைக்கும் ஓட வேண்டிய காசு. குதிரைக்குக் கொள்ளு வாங்காமல் இருக்க முடியுமா?

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை. இ-பாஸ். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டி எல்லாமே பதிவு செய்துதான் மேலே வருகிறது. 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. அதைப் பற்றி எங்கள் ஆட்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு, அந்தச் சண்டையை இங்கே இழுக்கவில்லை. ஆனால் நாளைக்கு யார் வருகிறார், எந்த வண்டி, எந்த போன் நம்பர், எத்தனை நாள் என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பர்லியாருக்கு மேல் மண் விழுந்ததா? அந்தத் திருப்பூர்க்காரருக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும்: ‘குன்னூர்ப் பாதை மூடல். கோத்தகிரி வழி வரலாம். அடுத்த தகவல் 12 மணிக்கு.’ நான்கு மணிக்குத் திறந்தீர்களா, அதே நம்பருக்கு, அதே அவசரத்தோடு இன்னொன்று. கோத்தகிரி வழியும் சரியில்லையா, ‘வராதீர்கள்’ என்று வெட்டொன்று துண்டிரண்டாகப் போடுங்கள். மகனோ மகளோ அதை அந்தப் பாட்டியம்மாவுக்குப் படித்துக் காட்டினால் போதும், டிவியை யாரும் நம்பிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, மூடின நாளுக்குக் கூலி. சிரிக்காதீர்கள். கடலில் மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு போகக்கூடாது. அந்தக் காலத்துக்கு அரசு ஒவ்வொரு மீனவக் குடும்பத்துக்கும் தடைக்கால நிவாரணம் தருகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்கினார்கள். கடலுக்குப் போகாதே என்று சொல்பவர் சோற்றுக்கும் வழி சொல்ல வேண்டும் என்ற நியாயம் அங்கே ஏற்கப்பட்டிருக்கிறது. அதே நியாயம் மலை ஏறாதா? காட்டேஜ்காரனுக்குக் கேட்கவில்லை. எனக்கு மூன்று அறை இருக்கிறது, நாலு கேரட் பாத்தி இருக்கிறது, எப்படியும் ஓட்டிவிடுவேன். சோளம் விற்கும் அக்காவுக்குக் கேட்கிறேன். அடையாள அட்டை கொடுத்து, சிவப்பு எச்சரிக்கையில் சுற்றுலா இடத்தை மூடின நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி.

சரி, கூச்சம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

இந்த மலையில் அடியில் பாறை, மேலே தடிமனான செம்மண். சாய்ந்த பெஞ்சின்மேல் மெத்தை போட்ட மாதிரி. விடாமல் பெய்யும்போது தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே நிற்கும். மெத்தை கனத்துப்போகும், பிடியும் விட்டுப்போகும். அதன் காலடியை ஜேசிபி வைத்து வெட்டி, அங்கே கார் நிறுத்த இடமும் பால்கனியும் கட்டினால் அப்புறம் என்ன ஆகும்? மாவட்டத்தில் 283 அபாயப் பகுதிகள் என்று பட்டியலே இருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத இடத்திலும் நாங்கள் வெட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். நாங்கள் என்றால் நானும்தான். மூன்றாவது அறைக்காக வீட்டுக்குப் பின்னால் எட்டடி மேட்டை வெட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. பத்தடி உயரத் தடுப்புச் சுவர் கட்டி, தண்ணீர் வடிய அதில் 12 பைப் விட்டான் கொத்தனார். போன மழையில் போய்ப் பார்த்தேன். நான்கில்தான் தண்ணீர் வந்தது. மிச்ச எட்டும் வேரும் களிமண்ணும் ஏறி அடைத்துக் கிடந்தன. சுவர் நடுவில் லேசாக வயிறு தள்ளியிருக்கிறது. கையை வைத்தால் சில்லென்று ஈரம்.

கம்பி விட்டுக் குத்தினேன். ஐந்து பைப்பில் சேறு கலங்கிக் கொட்டி, பிறகு தெளிந்த தண்ணீர் வர ஆரம்பித்தது. மூன்று இன்னும் திறக்கவில்லை. மூன்றாவது அறையை மழைக்காலத்தில் யாருக்கும் கொடுப்பதில்லை என்று மனைவி பூட்டிவிட்டாள், சாவியும் அவளிடம்தான்.

செகண்ட் சீசனுக்கு முன்னால், ஆவணிக்குள், தடுப்புச் சுவரைப் பார்க்கத் தெரிந்த ஒரு பொறியாளரை ஒவ்வொரு காட்டேஜுக்கும் ரிசார்ட்டுக்கும் அனுப்புங்கள். பைப்பில் தண்ணீர் வரவில்லை என்றால் அந்தப் பக்கத்து அறைக்குப் பூட்டு. பெரிய ரிசார்ட், சின்னக் காட்டேஜ் என்று பார்க்க வேண்டாம். முதலில் என் வீட்டுக்கே வரலாம். கேட்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கமாக வாருங்கள். வலது பக்கப் படியில் பாசி, வழுக்கிவிடும்.

இப்படிக்கு,
கேத்தியிலிருந்து ஒரு காட்டேஜ்காரன்