ஐந்து நிறமும் வேண்டும் என்கிறாய்

குன்னூர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. கூடுதுறையில் படிக்கட்டு முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் வந்ததை எழுதியிருந்தாய். இங்கேயும் விடாத மழைதான். துவைத்த துணி காய்வதில்லை, தீப்பெட்டி நமுத்துப் போகிறது, மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. முழங்காலுக்கு மாடி ஏறாதே என்று டாக்டர் சொன்னால் ஏறாமல் இருந்துவிடேன். மொட்டைமாடியில் உனக்கு அப்படி என்ன ஜோலி? பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாளா என்று நான் கேட்டிருந்தேன், அதற்குப் பதிலே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மகன் வீட்டுக்கு டொராண்டோ கிளம்புவதற்குள் தங்கச்சிக்கு என் தறியில் ஒரு கம்பளிச் சால்வை வேண்டும் என்கிறாய். நெய்து தருகிறேன், அதில் என்ன இருக்கிறது. ஆனால் கூடவே அனுப்பிய நிறப் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் நீலம், ரோஸ். மாப்பிளே, இது சால்வை இல்லை, பவானி ஜமக்காளம்!

கேலி செய்யவில்லை. நாம் இரண்டு பேரும் அந்த நிறங்களுக்கு நடுவில் வளர்ந்தவர்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதும் அதன்மேல்தான், கல்யாண வீட்டில் தூங்கி விழுந்ததும் அதன்மேல்தான். ஜமக்காளத்தில் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன, ஆனாலும் சண்டை தெரிவதில்லை. அங்கே ஊடை, அதாவது குறுக்கே ஓடுகிற இழை, தடித்த நூல். தறியின் சீப்பு மாதிரியான அச்சால் ஓங்கி அடித்து இறுக்கும்போது, நீளவாட்டில் கட்டிய பாவு இழை உள்ளே மறைந்துவிடும். சிவப்புப் பட்டை என்றால் சுத்தமான சிவப்பு, அடுத்த பட்டை பச்சை என்றால் சுத்தமான பச்சை. ஒன்றுக்குள் ஒன்று புகுவதில்லை.

சால்வையை அப்படி நெய்தால் அது தோளில் விழாது, பலகை மாதிரி நிற்கும். மடிய வேண்டும், கழுத்தைச் சுற்ற வேண்டும். அதனால் பாவும் ஊடையும் சரிபாதி வெளியே தெரிகிற மாதிரிதான் விட வேண்டும். வம்பு அங்கேதான் தொடங்குகிறது. பச்சைப் பாவுமேல் சிவப்பு ஊடை ஓடினால், கையில் வைத்துப் பார்க்கும்போது பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் தனித்தனியாகத் தெரியும். வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் சேர்ந்து சேற்று நிறம். காஞ்சிபுரத்துச் சேலையில் அரக்கு உடலும் பச்சைக் கரையும் ஜொலிக்கிறதே என்று நீ கேட்பாய். அங்கே கோர்வை என்ற இணைப்பு நெசவு போட்டு இரண்டையும் அகலமான தனித்தனித் துண்டாக நிறுத்துகிறார்கள். அகலமாகப் பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகிற நிறங்கள், இழை இழையாகக் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும்.

அதனால் நூல் கடையில் சிட்டத்தை, அதாவது நூல் கட்டை, பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். எந்த நூல் எதைக் கடக்கப் போகிறது என்று யோசிப்பது மீதி. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கேள். பாவிலும் ஊடையிலும் ஒரே ஐந்து நிறங்களைப் போட்டுக் கட்டம் நெய்தால், ஒவ்வொரு நிறமும் தன்னையே கடக்கும் இடத்தில் மட்டும் சொந்த நிறமாகத் தெரியும். அது ஐந்து. மற்ற இடங்களில் எல்லாம் இரண்டிரண்டாகச் சேர்ந்து பத்துக் கலப்பு நிறங்கள். ஆகமொத்தம் 15. நீ கேட்டது ஐந்து, நான் பார்த்துச் சமாளிக்க வேண்டியது 15. மூன்று நிறம் எடுத்தால் சொந்தம் 3, கலப்பு 3, மொத்தம் 6. ஸ்காட்லாந்துக்காரர்களின் டார்டன் கட்டங்களை நன்றாகப் பார்த்தால் இதே கணக்கு தெரியும். இரண்டே நூலில் மூன்றாவது ஒரு நிறம் சும்மா வந்து உட்கார்ந்திருக்கும்.

இங்கே மார்க்கெட்டில் தோடர் பெண்கள் பூத்துக்குளிச் சால்வை போர்த்திக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, போன தடவை வந்தபோது நீதான் நின்று நின்று பார்த்தாய். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்பும் பட்டை, அந்தப் பட்டையை ஒட்டிச் சிவப்பு, கறுப்பு நூலால் தையல். வரைந்துகொள்ளாமல் இழையை எண்ணியே தைக்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சந்தைக் கூட்டத்தில் எத்தனையோ பளபளப்பான ஸ்வெட்டர்களுக்கு நடுவில் கண் போய் நிற்பது அந்த மூன்று நிறத்தில்தான். ஐந்தைக் குறைக்கச் சொல்லி உன்னோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தைரியம் கொடுத்ததும் அதுதான் என்று வைத்துக்கொள்.

என் யோசனை இது. அரக்கு, மயில் நீலம், மாம்பழ மஞ்சள் மூன்று போதும். கிளிப்பச்சையைத் தனியாக வாங்கவே வேண்டாம். நீலப் பாவை மஞ்சள் ஊடை கடக்கிற இடத்தில் பச்சை தானாக வரும். கிளிப்பச்சை வராது, கொஞ்சம் மங்கின பாசிப் பச்சைதான் வரும். வயதுக்கு அதுதான் நல்லது (தங்கச்சியிடம் இந்த வரியைப் படித்துக் காட்டாதே). அரக்கைக் கடக்கும் நீலம் கருங்கத்தரிப்பூ நிறமாகும். அரக்கும் மஞ்சளும் சேர்ந்தால் செங்கல் நிறம். ரோஸ் மட்டும்தான் வெளியே நிற்கிறது. அதைக் கடைசியில் முனைக் குஞ்சத்தில் சேர்த்துவிடலாம். அங்கே எதோடும் கலக்காது.

பட்டில் மயில்கழுத்து நிறம் புரளுமே, அதே மாதிரி கம்பளியில் வருமா என்று எழுதியிருந்தாய். வராது. பட்டு இழை வழவழப்பு, வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், துணி அசையும்போது ஒரு தடவை பாவு மின்னும், ஒரு தடவை ஊடை மின்னும். கம்பளி சுணை உள்ள இழை. வெளிச்சம் சிதறிப் போகும், இரண்டு நிறமும் நடுவில் ஒரு நிறமாகக் குழைந்துவிடும். நெய்து முடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் சுணை எழும்பி இன்னும் குழையும். தறியில் பளிச்சென்று இருந்த கட்டம் அலசியபின் அடங்கித் தெரிவது அதனால்தான். எனக்கு அந்த அடக்கம் பிடிக்கும். உனக்குப் பிடிக்குமா என்பது சந்தேகம்.

அடுத்து, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது. நூல் லூதியானாவிலிருந்து வந்துவிட்டது. பழைய கல்யாணப் பத்திரிகையை நீளவாட்டில் கிழித்து, அந்த அட்டைமேல் மூன்று நிறத்தையும் நினைத்த அகலத்துக்குச் சுற்றிப் பார்த்தேன். பாவு ஓட்டும் முன் பட்டைகளின் அளவைப் பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. கலப்பு நிறம் இதில் தெரியாது, அதற்குத் தறியில் நாலு விரல் அகலம் மாதிரித் துண்டு நெய்துதான் ஆக வேண்டும். அட்டையை ஜன்னல் ஓரம் வைத்து போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுத்தேன். அரக்கும் மயில் நீலமும் ஒரே சாம்பல்! எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நிறம் வேறாக இருந்தாலும் கருமை ஒரே அளவு. இப்படி விட்டால் தூரத்தில் மொத்தச் சால்வையும் ஒரே இருட்டாகிவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓட விடுகிறேன். மஞ்சள் என்பது குழம்பில் பெருங்காயம் மாதிரி, கொஞ்சம் கூடினாலும் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும்.

உனக்கு எண்ணிக்கை சொன்னால்தான் திருப்தி. அகலம் 28 அங்குலம், அங்குலத்துக்கு 12 இழை, மொத்தம் 336. இடதிலிருந்து அரக்கு 140, மஞ்சள் 6, நீலம் 84, மஞ்சள் 4, அரக்கு 102. கூட்டிப் பார், நீ எப்படியும் கூட்டுவாய். இரண்டு பக்கமும் சமமாக வைக்கவில்லை. சால்வையை யாரும் சுவரில் விரித்து மாட்டுவதில்லை. நீளவாட்டில் இரண்டாக மடித்துத் தோளில் போட்டால் நடுக்கோடு மடிப்புக்குப் போய்விடும். நீலம் கொஞ்சம் ஒதுங்கி இருந்தால் ஒரு தரம் இந்தப் பக்கம், ஒரு தரம் அந்தப் பக்கம் என்று போர்த்தும் விதத்துக்குத் தகுந்தபடி வெளியே வரும். பட்டைகளை 2, 3, 5, 8, 13 என்று வைத்தால் அழகு தானாக வரும் என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். தவறில்லை, ஆனால் நிறத்தின் கனத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 13 இழை மஞ்சளும் 13 இழை அரக்கும் ஒரே அகலமாகவா தெரிகின்றன?

பக்கத்து நிறம் செய்கிற வேலைக்கு ஒரு பழைய கதை உண்டு. பாரிஸில் கோப்ளான் என்று அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடம். 1824-இல் அங்கே சாயப்பிரிவுக்கு ஷெவ்ரல் என்ற வேதியியலாளரைத் தலைவராகப் போட்டார்கள். அவர் காதில் விழுந்த புகார்களில் ஒன்று: கறுப்புச் சாயம் சரியில்லை, நீல, ஊதா ஆடைகளின் மடிப்பு நிழலுக்குக் கறுப்பைப் போட்டால் வெளிறுகிறது. மனுஷன் மற்ற ஊர்க் கறுப்பு நூலையெல்லாம் வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குற்றமே இல்லை, பக்கத்தில் நின்ற நீலமும் ஊதாவும்தான் கண்ணை ஏமாற்றின என்று கண்டுபிடித்தார். 1839-இல் அதையே பெரிய புத்தகமாக எழுதினார். 102 வயது வரை இருந்தவர் என்பது கூடுதல் தகவல். டொராண்டோவில் தங்கச்சி கறுப்புக் கோட்டுக்கு மேல் இதைப் போர்த்தப் போகிறாள் என்றால், அந்தக் கறுப்பையும் ஒரு நிறமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். கறுப்புக்குப் பக்கத்தில் அரக்கும் நீலமும் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். கோட்டு வெளிர் நிறம் என்றால் இரண்டும் இருண்டுவிடும், அப்போது மஞ்சளை இன்னும் இரண்டு இழை கூட்டுவேன். அதைக் கேட்டு எழுது.

நூலை ட்யூப்லைட்டில் மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. அங்கே ஒன்றாகத் தெரிகிற இரண்டு நீலம் வெயிலில் வேறு வேறாகப் பல்லிளிக்கும். மழை விட்ட ஒரு காலையில் வாசலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாவு ஓட்டப் போகிறேன்.

ஊரில் உங்கள் பழைய தறிக்குழியை மூடிச் சிமெண்டு போட்டு வண்டி நிறுத்துகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். என்ன செய்வது. விசைத்தறியில் அடித்த விரிப்பைப் பவானி என்று சொல்லி விற்றால் கைத்தறிக்காரன் எங்கே போவான். 1985-ஆம் வருடச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிய 11 வகைத் துணியில் ஜமக்காளமும் இருக்கிறது, சால்வையும் இருக்கிறது. பட்டியலில் இருந்து என்ன புண்ணியம் என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது.

இரண்டு விஷயத்துக்குப் பதில் போடு. கோட்டு என்ன நிறம்? ரோஸ் குஞ்சத்தோடு போதுமா, அல்லது தங்கச்சி அதற்கு ஒப்ப மாட்டாளா? ஒப்பவில்லை என்றால் அரக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஸைப் போடலாம். நான்காவதாகச் சேர்க்க மட்டும் சொல்லாதே, மொத்தம் 10 ஆகிவிடும். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வந்தால் நீங்கள் கிளம்புவதற்கு முன் அலசி, காய்ந்து, கையில் கொடுத்துவிடுவேன். இங்கே காய்வதுதான் பெரிய பாடு, அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
கதிர்வேல்

பி.கு. குழந்தை பேச ஆரம்பித்தாளா இல்லையா, அதையாவது எழுது.